அரளிக்கு அஞ்சுவதா, அரளியை அறிவதா?

2024 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அரளியின் இலையையோ பூவையோ தன்னையறியாமல் மென்றது காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அடுத்த சில நாள்களில், மே மாதத்தில், திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்ப்பதென முடிவெடுத்தது. மலபார் தேவசம் வாரியமும் அவ்வழியையே பின்பற்றியது. பூசையில் அரளி முற்றாக விலக்கப்படவில்லை. பக்தரின் கைக்கும் வாய்க்கும் செல்லும் பொருளில் அது கலந்துவிடக் கூடாது என்பதே முடிவின் சாரம். துளசியும் தெச்சியும் முல்லையும் போன்றவை மாற்றாகச் சொல்லப்பட்டன.

வாரியங்களின் முடிவு பொருத்தமானது. அதைக் குறைகூற ஏதுமில்லை. ஆனால் அதன்பின் பொதுவெளியில் எழுந்த பேச்சு இரண்டே வகையாகப் பிரிந்துவிட்டது. ஒரு சாரார் வீட்டு வாசலில் உள்ள அரளியை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். மற்றொரு சாரார், ‘தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறோம், யாருக்கு என்ன ஆயிற்று’ என்று ஒதுக்கினார்கள். முதலாவது அச்சம், இரண்டாவது அலட்சியம். இரண்டுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய மூன்றாவது ஒன்று, அறிவு, காணாமற்போயிருந்தது. அந்த அறிவு எங்கே இருந்தது, எவ்வழியாகக் கைமாறி வந்தது, இன்று ஏன் கைமாறுவதில்லை என்ற கேள்வி தாவரவியலாளருக்கு மட்டும் உரியதன்று. அது மொழியியல் கேள்வியும் ஆகும். தமிழும் மலையாளமும் ஒரே வீட்டு முற்றத்தில் புழங்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் அக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது.

முதலில் செடியைப் பற்றி. அரளி, தாவரவியலார் நீரியம் ஒலியாண்டர் என வழங்கும் புதர்ச்செடி. அதன் இலை, பூ, பட்டை, வேர், விதை என எல்லா உறுப்புகளிலும் ஒலியாண்ட்ரின் முதலிய இதய கிளைகோசைடுகள் உள்ளன. உயிரணுக்களின் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்வாங்கும் ஏற்பாட்டை இப்பொருள்கள் தடுக்கின்றன. விளைவாக இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. இதய நோய்க்கு மருந்தாகும் டிஜாக்சின் செயற்படுவதும் இவ்வழியில்தான். மருந்தில் அளவு தெரியும், செடியில் தெரியாது. வேறுபாடு அவ்வளவே.

இந்த நச்சுத்தன்மை நம் முன்னோருக்குத் தெரியாதது அன்று. அரளி வேலிச்செடியானதே அதனால்தான். ஆடு கடிக்காது, மாடு மேயாது, மழை பொய்த்தாலும் பூக்கும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு விளிம்பில், கோயம்புத்தூர்ச் சமவெளியின் வறட்சியைப் பகிர்ந்துகொள்ளும் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பூச்செடிக்கு மதிப்பு மிகுதி. மூணாற்றின் மழைச்சரிவைத் தாண்டிக் கிழக்கே மறையூர், சின்னாறு என்று மழைமறைவு நிலத்துக்குள் இறங்கினால் அங்கும் அதே கதை. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டப் பனமரத்துப்பட்டி அரளிச் சாகுபடிக்குப் பெயர்பெற்ற ஊர். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அரளி நிற்பதற்கும் காரணம் அதுவே: பராமரிப்புக் குறைவு, கால்நடை தீண்டாது. ஆக, அரளியின் நஞ்சும் பயனும் இருவேறு செய்திகள் அல்ல. நஞ்சு இருப்பதை அறிந்தே, அதைப் பயனாக மாற்றிக்கொண்ட வளர்ப்புமுறை அது. வேலியில் நட்டார்கள், கொட்டில் அருகே நடவில்லை. தொடுத்துச் சாமிக்குச் சார்த்தினார்கள், கூந்தலில் சூடுவதற்கு மல்லிகையைத் தேடினார்கள்.

இந்த நடைமுறை அறிவு எந்த நூலிலிருந்தும் படிக்கப்படவில்லை. அது பெயரோடு சேர்ந்து வந்தது. ‘அரளி’ என்ற சொல்லைக் குழந்தை முதன்முதலில் கேட்ட வாக்கியமே பெரும்பாலும் ஒரு தடைவாக்கியமாக இருந்திருக்கும்: ‘அரளிடா, வாயில வைக்காதே.’ சொல்லும் அதன் எச்சரிக்கையும் ஒரே மூச்சில் கைமாறின.

இனிச் சொல்லைப் பற்றி. அரளி என்பதன் இணைவடிவம் அலரி. யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் அலரியே வழக்கு. சதை தசையாவதும் சிவிறி விசிறியாவதும் போல, இங்கும் ஒலிகள் இடம் மாறியிருக்கின்றன. லகரம் ளகரமாகவும் ஆகியிருக்கிறது. மலையாளத்தில் தெச்சி என்றும் செத்தி என்றும் ஒரே பூவுக்கு இரு வடிவங்கள் வழங்குவது இதற்கு நல்ல ஒப்புமை. அலரி என்ற சொல்லுக்கு மலர் என்னும் பொதுப்பொருளும் பழந்தமிழில் உண்டு. செவ்வரளிக்குக் கணவிரம் என்ற பழம்பெயரும் இருந்தது. அகநானூற்றுப் பாலைப் பாட்டு ஒன்றில் அப்பெயர் வருகிறது.

சுவையான செய்தி இதற்கு அப்பால் உள்ளது. இன்றைய வழக்கில் அரளி அல்லது அலரி என்னும் பெயரைத் தாங்குவது ஒரு செடி அன்று. செவ்வரளியும் வெள்ளரளியும் நீரியம். மஞ்சளரளி என்பது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த கஸ்கபெலா தெவீசியா. ஈழத்தலரி என்பது நடு அமெரிக்க, கரிபிய நிலங்களைத் தாயகமாகக் கொண்ட புளூமேரியா. கோயில் வளாகங்களில் வெண்ணிறமும் மஞ்சள் நடுவும் கொண்டு உதிர்ந்து கிடக்கும் மணமுள்ள பூ அது. வெவ்வேறு நிலங்கள் சார்ந்த மூன்று செடிகளுக்கு ஒரே பெயரடி. இது மக்களின் குழப்பம் என்று எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் தாவரவியல் வேறு தீர்ப்புச் சொல்கிறது. மூன்றும் அப்போசைனேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றையும் கிள்ளினால் பால் அல்லது சாறு கசியும். மஞ்சளரளியின் நச்சுத்தன்மை செவ்வரளிக்கு இளைத்ததன்று. வட இலங்கையில் 1980கள் தொடங்கி அதனால் நேர்ந்த நச்சுப் பாதிப்புகள் மருத்துவ ஆய்வேடுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளன.

கடல் கடந்து வந்த புதிய செடியைக் கண்ட ஊர் மக்கள் அதன் இலையையும் பாலையும் பூவிதழின் முறுக்கையும் பார்த்து, ‘இது அரளி வகை’ என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். அந்த முடிவு வெறும் பெயரிடல் அன்று. பழைய செடிக்குச் சேர்த்து வைத்திருந்த எச்சரிக்கை முழுவதையும் புதிய செடிக்கு மாற்றி எழுதிய செயல் அது. புதியவரை ஒரு குடும்பத்தின் முறைப்பெயரால் அழைத்தால், அக்குடும்பத்தைப் பற்றி ஊர் அறிந்த யாவும் அவர்மேலும் படியும் அல்லவா? பெயரடி பொதுவாக இருக்க, அடைமொழி வேறுபாட்டைக் காட்டும். மஞ்சள் என்பது நிறத்தையும், ஈழம் என்பது கடல்வழி வரவின் நினைவையும் சொல்கின்றன. நாட்டார் வகைப்பாட்டின் இலக்கணம் இது. எளியது, ஆனால் ஆழ்ந்த கூர்மை உடையது.

இந்த இலக்கணம் இன்று முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தைக் காட்ட ஒரு செடி போதும். கடந்த சில பத்தாண்டுகளில் கேரள, தமிழக நாற்றுப்பண்ணைகளில் பெருகிய அழகுச்செடிகளுள் அடீனியமும் ஒன்று. பருத்த அடித்தண்டும் இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்டு, மொட்டைமாடித் தொட்டிகளிலும் வாசற்படிகளிலும் நிற்பது. கடையில் அதன் பெயர் அடீனியம், அல்லது டெசர்ட் ரோஸ். ரோஜாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது அப்போசைனேசி குடும்பம், அரளியின் நெருங்கிய சுற்றம். அதன் சாற்றிலும் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவும் நஞ்சாக அது பயன்பட்டிருக்கிறது. அச்செடி நூறாண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் ஊரின் முற்றத்துக்கு வந்திருந்தால், பாலைப் பார்த்தவுடனே யாரேனும் அதைக் குட்டையரளி என்றோ பானையரளி என்றோ அழைத்திருப்பர். எச்சரிக்கை தானாக வந்து சேர்ந்திருக்கும். இன்று அது ‘ரோஸ்’ என்று வருகிறது. ரோஜா என்ற சொல்லோடு வரும் நினைவுகள் பன்னீரும் குல்கந்தும். நாவுக்கு நட்பான பூ என்ற பொருளைச் சுமந்து ஒரு நச்சுச்செடி வீட்டுக்குள் நுழைகிறது. இதில் எவருடைய தீய நோக்கமும் இல்லை. பெயர் சந்தையில் பிறந்தது, முற்றத்தில் பிறக்கவில்லை. வேறுபாடு அங்குதான்.

மலைப்பக்கத்துக்கு வந்தால் இன்னொரு செடி. மூணாறு, கொடைக்கானல், உதகை போன்ற குளிர்ந்த ஊர்களில் வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூக்களைப் பார்க்காதவர் அரிது. புருக்மன்சியா என்னும் தென்னமெரிக்கச் செடி அது. தோட்டத்துக்கென வந்தது, இன்று ஓடைக்கரைகளிலும் சாலையோரங்களிலும் தானே நிற்கிறது. ஊமத்தையின் உறவு. மலையாளத்தில் உம்மம் எனப்படும் ஊமத்தையில் உள்ள அதே வகை ஆல்கலாய்டுகள் இதிலும் உள்ளன. ஊமத்தையை அறியாத நாட்டுப்புறத்தவர் இல்லை. ஆனால் அதே மனிதரின் பேரப்பிள்ளைகள் இந்தத் தொங்கும் பூவின் அருகில் நின்று படம் எடுத்து ‘ஏஞ்சல்ஸ் டிரம்பெட்’ என்று எழுதுகின்றனர். ஊமத்தை என்ற சொல் அவர்களிடம் வசவாக எஞ்சியிருக்கலாம், செடியாக இல்லை.

நாட்டுப்பெயர்கள் யாவும் அறிவின் கருவூலம், வணிகப்பெயர்கள் யாவும் கேடு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பெயர் எச்சரிப்பதும் உண்டு, மறைப்பதும் உண்டு. மறைத்த பெயருக்கு வயநாடு சான்று. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் அமெரிக்க மரம் நிழலுக்கும் அழகுக்குமாக அங்கே நடப்பட்டது. கொத்துக்கொத்தாக மஞ்சள் பூப்பதைக் கண்டு மக்கள் அதற்கு மஞ்ஞக்கொன்ன என்று பெயரிட்டனர். கொன்றை கேரளத்தின் மாநிலப் பூ, விஷுக்கணியின் நடுநாயகம். மங்கலமான அப்பெயரின் நிழலில் அம்மரம் வயநாட்டு வனவிலங்குக் காப்பகத்துக்குள் பெருமளவு பரவியது. அதன்கீழ்ப் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் யானைக்கும் உணவில்லை. தமிழகத்தின் முதுமலைப் பக்கத்திலும் இதே சிக்கல். இன்று அம்மரங்களை அகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் பணி நடக்கிறது. கொன்றை என்ற பெயர் அதற்கு வாய்த்திராவிட்டால் எதிர்ப்பு முன்னரே எழுந்திருக்குமா என்பது உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று. ஆனால் பெயர் ஐயத்தைத் தணித்தது என்பதில் ஐயமில்லை.

உண்ணிச்செடியின் வரலாறும் நினைவுகூரத்தக்கது. லண்டானா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. வேலிக்கும் பூவுக்கும் என்று நட்டது இன்று மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகள் பலவற்றின் அடித்தளத்தைப் பிடித்து நிற்கிறது. மலையாளத்தில் அதற்குக் கொங்கிணி, அரிப்பூ என்ற பெயர்கள் உண்டு. அரிப்பூ என்பது அரிசிபோன்ற மொட்டின் அழகைச் சொல்கிறது. உண்ணி என்ற தமிழ்ப்பெயரோ ஆட்டிலும் மாட்டிலும் ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிரை நினைவூட்டுகிறது. ஒரே செடியை இருமொழிகள் இரு கண்களால் பார்த்திருக்கின்றன. இரண்டையும் அறிந்தவருக்கே செடி முழுமையாகத் தெரியும். தேக்கடி, சின்னாறு, பரம்பிக்குளம் ஆகிய காடுகளின் ஓரத்தில் வீடுகட்டி வாழ்வோர் இவ்விரு மொழிகளையும் நாள்தோறும் பேசுபவர்கள். அவர்களுடைய முற்றத்துக்கும் காட்டுக்கும் இடையில் சில நூறடி தொலைவே இருக்கும். அவர்கள் தொட்டியில் எதை நடுகிறார்கள் என்பது அவர்கள் வீட்டுச் செய்தி மட்டும் அன்று.

எல்லைப் பகுதியின் தனித்தன்மை இங்கு விளக்கத்துக்கு உரியது. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய வட்டாரங்கள் கேரளத்தில் அமைந்தன. தமிழ் பேசுவோர் அங்கே பெருந்தொகையினர். கண்ணன் தேவன் மலைகள் 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோவின் கைக்குக் குத்தகையாகச் சென்றபின், தேயிலைத் தோட்டங்களுக்கென மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். ஒரு வரிசை லயத்தின் முன் கிடைக்கும் நிலம் சில அடி அகலமே. அதிலும் டேலியாவும் ஹைட்ரேஞ்சாவும் ஜெரேனியமும் பூத்து நிற்கும். துரைமார் பங்களாத் தோட்டங்களில் தொடங்கிய பூக்கள், குச்சியாகவும் கிழங்காகவும் கைமாறி லயத்து வாசலுக்கு வந்தன. கைமாறியபோது பெயர்களும் வாய்மொழியாகத் தமிழுக்கு ஏற்பத் திரிந்து வந்தன. வீடு தன்னுடையதன்று, நிலம் தன்னுடையதன்று என்ற வாழ்க்கையில் அந்தப் பூவரிசையே தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் சொந்தத் தெரிவு. பூச்செடி வளர்ப்பதைப் பொழுதுபோக்கு என்று சுருக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மக்களிடம் பெயர்கள் இருவழியாக வந்து மோதுகின்றன. செண்பகம் என்று தமிழர் சொல்வது மஞ்சள் இதழ்களும் கடுமணமும் கொண்ட மரத்தின் பூ. செம்பகம் என்று கேரளத்தில் பல இடங்களில் சொல்வது முன்பு கூறிய ஈழத்தலரி. முழுப்பெயர் ஈழச்செம்பகம், அடைமொழி பேச்சில் உதிர்ந்துவிடும். அலரிக் குடும்பத்தை நினைவூட்டும் தமிழ்ப்பெயரும், மணமரத்தை நினைவூட்டும் மலையாளப்பெயரும் ஒரே பூவின் மேல் நிற்கின்றன. முல்லை என்றால் தமிழில் ஒன்று, மலையாளத்து முல்ல பெரும்பாலும் தமிழரின் மல்லிகை. பிச்சி என்றால் தென்தமிழகத்தாரும் மலையாளிகளும் உடன்படுவர். கொங்கு நாட்டார் அதை ஜாதிமல்லி என்பர். தேவசம் வாரியம் மாற்றாகச் சொன்ன தெச்சி, தமிழ்ப் பூக்கடையில் இட்லிப்பூ, இலக்கியத்தில் வெட்சி. நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று தமிழரும் சவக்கோட்டப்பச்ச என்று மலையாளிகளும் வழங்குவதுண்டு. மங்கலமும் இழவும் ஒரே செடிக்கு. மடகாஸ்கரிலிருந்து வந்த அச்செடியிலிருந்தே வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. அதன் சாற்றைச் சர்க்கரை நோய்க்கென வீட்டிலேயே பருகுவது ஆபத்தானது என்பதை இரு பெயர்களுள் எது உணர்த்துகிறது என்று சொல்லவேண்டியதில்லை. செங்காந்தளும் அப்படியே. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று அதன் இலக்கியப்பெயர் பெருமை கொள்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற ஊர்ப்பெயரோ சற்று விலகி நிற்கச் சொல்கிறது. வேலியில் படரவிடும் வீட்டாருக்குத் தேவைப்படுவது இரண்டாவது பெயர்.

பழைய எல்லைப்புற மக்கள் இப்பெயர்களையெல்லாம் ஒருங்கே கையாண்டனர். இருமொழியம் அவர்களுக்குச் சுமையன்று, காப்பு. இன்றைய பிள்ளைகளின் நிலை வேறு. பள்ளியில் அவர்கள் ஆங்கிலவழியிலோ மலையாளவழியிலோ படிக்கின்றனர், செடியின் பெயரைக் கைப்பேசிச் செயலி சொல்கிறது, வீட்டில் தமிழ் இருந்தாலும் செடி பற்றிய பேச்சு இல்லை. மொழி இழப்பைக் கணக்கிடும்போது ஆய்வாளர் வினைத்திரிபையும் வேற்றுமை உருபையும் பார்க்கின்றனர். முதலில் உதிர்வது இலக்கணம் அன்று. செடி, புழு, பறவை, நோய் ஆகியவற்றின் பெயர்களே. இலக்கணம் எஞ்சியிருப்பதால் மொழி நலமாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்குள்தான் அடீனியம் ‘ரோஸ்’ ஆகிறது.

இதற்குத் தீர்வு என்ன? அறிவியற்பெயர் இருக்கிறதே, அதைப் பயிற்றுவித்தால் போதாதா என்பர் சிலர். அறிவியற்பெயர் இன்றியமையாதது. ஐயம் எழும்போது மருத்துவருக்கும் நச்சியல் வல்லுநருக்கும் அதுவே உறுதியான சான்று. ஆனால் ஓடிவரும் குழந்தையைத் தடுக்கும் பாட்டியின் வாயில் இலத்தீன் வராது. எச்சரிக்கை நொடிப்பொழுதில் சொல்லப்பட வேண்டியது, தாய்மொழியில்தான் அது இயலும். நாட்டுப்பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுமே என்பது அடுத்த மறுப்பு. மாறும் என்பதாலேயே எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். நச்சு என்று எழுதினால் நாற்றுப்பண்ணைகளின் வணிகம் கெடுமே என்பது மூன்றாவது மறுப்பு. இது மூன்றினும் நேர்மையானது. நாற்றுப்பண்ணை நடத்துவோர் பெருமுதலாளிகள் அல்லர். பெரும்பாலோர் குடும்பத் தொழிலாகச் செய்பவர்கள். ஆனால் மாத்திரை அட்டையில் எச்சரிக்கை அச்சிட்டதால் மருந்துக்கடை எதுவும் மூடப்படவில்லை. அரளியை எவரும் வாங்கக் கூடாது என்பது வேண்டுகோள் அன்று. வாங்குவோர் அரளியை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

இவ்வேண்டுகோளுக்கு இம்மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ், டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயரில் அறியப்படுவது. அதன் அறிவு இட்டி அச்சுதன் போன்ற மலையாள நாட்டு வைத்தியர்களிடமிருந்து பெறப்பட்டது. அதன் செடிப்படங்களில் இலத்தீன் எழுத்தோடு மலையாள எழுத்தும் அரபு எழுத்தும் நாகரி எழுத்தும் சேர்த்துப் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அரளியும் அந்நூலில் தன் பெயராலேயே இடம்பெற்றிருக்கிறது. பிற்காலத்தில் கே.எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து அதை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தந்தார். 17ஆம் நூற்றாண்டில் செப்புத்தகட்டில் பல எழுத்துகளில் செய்ய முடிந்த ஒன்றை, 21ஆம் நூற்றாண்டில் ஒரு பூந்தொட்டியின் சீட்டில் செய்ய இயலாது என்பது நம்பத்தக்கதா?

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. விற்பனைக்கு வரும் ஒவ்வோர் அழகுச்செடியின் சீட்டிலும் அறிவியற்பெயர், மலையாளப்பெயர், தமிழ்ப்பெயர் மூன்றும் அந்தந்த எழுத்தில் இருக்கட்டும். நச்சுள்ளதாயின் ஒரு வரி, காட்டுக்குள் பரவக்கூடியதாயின் ஒரு வரி. மண்ணுத்தியின் நாற்றுப்பண்ணைகளிலிருந்து செடி கிழக்கே செல்கிறது, தமிழகத்தின் சந்தைகளிலிருந்து பூ மேற்கே செல்கிறது. சீட்டும் இருபுறமும் செல்லலாம். ஊராட்சிதோறும் உள்ள கிருஷி பவன்கள் இதற்குத் தக்க இடம். எல்லை வட்டங்களில் அவற்றின் அறிவிப்புகள் தமிழிலும் வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை ஆகாது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதம் எழுதவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் வழிசெய்துள்ளது. விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் மொழி, உயிர்காக்கும் எச்சரிக்கைக்கும் கிடைக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் நடத்திய மலையாளக் கிளைமொழி ஆய்வின் முதல் வெளியீடு 1974இல் வந்தது. அவரே பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இருமொழி நிலத்தில் ஊர் ஊராகச் சென்று சொல் திரட்டும் மரபு அந்நியமானதன்று. உறவுப்பெயர்களும் உழவுச்சொற்களும் பலமுறை திரட்டப்பட்டுவிட்டன. முற்றத்துப் பூக்களின் பெயர்கள், அவை ‘அற்ப’மானவை என்பதாலும் பெண்கள் வாய்ச்சொற்கள் என்பதாலும் போலும், விடுபட்டே வந்துள்ளன. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் அந்நியப் படர்செடிகளை ஆராய்கிறது; மொழித்துறைகள் கிளைமொழிகளை ஆராய்கின்றன. இரண்டும் ஒரே லயத்து வாசலில் சந்திக்க வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் வட்டவடையிலோ வண்டிப்பெரியாற்றிலோ நெல்லியாம்பதியிலோ ஐம்பது முற்றங்களின் செடிகளைப் படமெடுத்து, வீட்டின் மூன்று தலைமுறையும் அவற்றுக்குச் சொல்லும் பெயர்களை அடுத்தடுத்த பத்தியில் எழுதினால் போதும். மூன்றாம் பத்தியில் எத்தனை கட்டங்கள் வெறுமையாக உள்ளன என்பதே ஆய்வின் முடிவாகிவிடும்.

அதுவரை வீட்டார் செய்யத்தக்கவை சில. அரளியைப் பிடுங்க வேண்டியதில்லை. கிளை கழித்தால் மாட்டுக்குப் போடாமலும் எரிக்காமலும் புதைத்துவிடலாம். பால் கசியும் எந்தப் பூச்செடியைத் தொட்டாலும் கை கழுவலாம். எவரேனும் மென்றோ விழுங்கியோ விட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துப் பொழுதை வீணாக்காமல், செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையலாம். காட்டோரம் வாழ்வோர் வெட்டிய பூச்செடிகளையும் கிழங்குகளையும் ஓடையில் வீசாதிருக்கலாம்.

இன்னொன்றும் செய்யலாம். புதிதாக ஒரு செடி வீட்டுக்கு வரும்போது, சீட்டில் உள்ள பெயரோடு அமைதியடையாமல், அந்த வீட்டின் மூத்தவரிடம் அதைக் காட்டி, ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்று கேட்கலாம். அவர் இலையைக் கிள்ளி, கசியும் பாலைப் பார்த்து, ‘அரளி சாதி போலிருக்கே’ என்று சொல்லக்கூடும். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தாவரவியலும், ஒரு நச்சியலும், சில நூற்றாண்டுப் பட்டறிவும் அடங்கியிருக்கின்றன. கேட்பதற்கு அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.